பிள்ளைகளின் நஃபகா: தாமதித்தால் தவறும் உரிமை

தலாக்கினாலோ குலாவினாலோ கணவன், மனைவி என்னும் உறவு முறிகிறது. தந்தை, பிள்ளை என்னும் உறவு முறிவதில்லை. இதை மறந்து, "பிள்ளை அவளிடம்தானே இருக்கிறது, அவளே பார்த்துக் கொள்ளட்டும்" என்று கைகழுவி விடுவோரை நம் மஹல்லாக்களில் காண்கிறோம். மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இதுபற்றிக் கூறுவதைக் கவனிப்போம்.

மார்க்கத்தின் நிலை

பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது பிள்ளையின் தந்தைமீது கடமை என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம் விதிக்கிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ வருத்தலாகாது என்றும் அதுவே தடுக்கிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், நெருக்கடியிலிருப்பவர் தமக்கு அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது அத்தலாக் அத்தியாயத்தின் 7-வது வசனத்தின் கருத்து. எனவே, சம்பாதிக்கச் சக்தியுள்ள தந்தைக்கு வருமானக் குறைவு, தொகை குறையக் காரணமாகலாம். அடியோடு நிறுத்தக் காரணமாகாது.

இங்கே ஒரு முக்கியமான மஸ்அலா உண்டு. சொந்தச் சொத்தில்லாத சிறு பிள்ளைக்குத் தந்தை நஃபகா கொடுக்காமலே காலம் கடந்துவிட்டால், கடந்த நாட்களின் நஃபகா தானாகக் கடனாக நிற்பதில்லை. காஜியின் தீர்ப்போ, அவர் அனுமதியுடன் வாங்கிய கடனோ இருந்தால்தான் அது தந்தையின் பொறுப்பில் கடனாகும். ஹனஃபி, ஷாஃபிஈ நூற்களில் இதன் விவரங்களைக் காணலாம். தந்தையின் பாவம் மறுமையில் விசாரிக்கப்படும். ஆனால் முறையிடாமல் காத்திருக்கும் தாய்க்கு இம்மையில் இழப்பு நேரிடுகிறது.

சட்டத்தின் நிலை

1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-வது பிரிவாக உள்ளது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மனுக் கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும், இரு தரப்பாரும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தர வேண்டும் என்றும் 2020-ல் அதே கோர்ட் கூறியது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும். பாக்கித் தொகையை வசூலிக்க வாரண்ட் கேட்பதானால், அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இங்கும் தாமதித்தால் இழப்புத்தான்.

குறை எங்கே?

கட்டளை பெறுவதோடு கஷ்டம் தீர்வதில்லை. தந்தை கொடுக்காவிட்டால் தாயே மீண்டும் கோர்ட் படியேற வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 2012 முதல் இயங்கும் அரசுத் துறைக்கு, தவறும் தந்தையின் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தாயிடம் சேர்க்கும் அதிகாரம் உண்டு. அங்கும் குறைகள் இல்லாமலில்லை. ஆயினும் வசூலிக்கும் பாரத்தைத் தாயின் தலையிலிருந்து இறக்குவது நீதிக்கு நெருக்கமானது. அத்தகைய ஏற்பாடு நம் நாட்டிலும் வேண்டுமென்று கோருவது முறையே.

நாம் செய்யக் கூடியவை

பிரிவினையைப் பதிவு செய்யும் ஜமாஅத்துகள், பிள்ளைக்குரிய மாதத் தொகை, கொடுக்கும் தேதி, பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு ஆகியவற்றையும் எழுதி இரு தரப்பாரிடமும் கையெழுத்துப் பெறட்டும். பணம் பாங்கி வழியாகவே செல்லட்டும். பின்னால் "கொடுத்தேன்", "வாங்கவில்லை" என்ற வழக்கு எழாது. அதன் பிறகும் தந்தை தவறினால், தாய் நாட்களைக் கடத்தாமல் கோர்ட்டை நாடட்டும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இதை மானக்கேடு என்று பெரியவர்கள் தடுக்க வேண்டாம். பிள்ளையைப் பட்டினி போடுவதே மானக்கேடு.

பொறுப்பிலுள்ளோரின் ஹக்கை நிறைவேற்றும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.