தாத்தாவின் இந்தியப் பாஸ்போட்டும் பேத்தியின் பிரஜாவுரிமையும்

கேள்வி: ஐயா, நான் லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 1996ஆம் ஆண்டு பிறந்தேன். எனக்கு அடையாள அட்டை இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போட் எடுக்க ஒரு தரகரிடம் போனேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறதாம். செத்துப்போன தாத்தா ஒரு காலத்தில் இந்தியப் பாஸ்போட்டும் எடுத்திருந்தார். அதனால் இந்தியத் தூதரகத்தில் கடிதம் வாங்க வேண்டும் என்று சொல்லி தரகர் பெருந்தொகை கேட்கிறார். என் சான்றிதழையும் அவரே வைத்திருக்கிறார். தோட்டத்தில் பேர் பதிவதற்காக அன்றைக்கு ஒரு வயது கூட்டிச் சொன்னதால் அடையாள அட்டையில் 1995 என்று இருக்கிறது. பெயரின் எழுத்திலும் சின்ன வித்தியாசம் உண்டு. குவைத்தில் வேலை செய்து திரும்பிய அம்மாவின் பழைய பாஸ்போட்டும் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, லுணுகலை

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தூதரகக் கடிதத்தை மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நீங்கள் இலங்கைப் பிரஜை. இலங்கைப் பாஸ்போட் எடுக்க இந்தியாவிடம் நீங்கள் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தோட்ட மக்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. உங்கள் தாத்தாவைப் போல இந்தியப் பாஸ்போட் எடுத்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. அந்த மக்கள் கொழுந்து பறித்த மலையிலேயே இருந்தார்கள். சட்டம்தான் அவர்களை வேறு நாட்டார் என்றது.

அந்த அநியாயத்துக்கு முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் இச்சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவரும், இங்கே வாழும் அவருடைய வழித்தோன்றலும் இலங்கைப் பிரஜைகள் என்று அது சொல்கிறது. நீங்கள் அந்த இரண்டாவது வகை. உங்கள் பெயர் எந்த இந்தியப் பாஸ்போட்டிலும் ஏறியதில்லை. தாத்தா எடுத்த பாஸ்போட் உங்களை இந்தியராக்கிவிடாது. சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடும் பொதுப் பிரகடனம் ஒன்றே உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் சான்று. இந்தியப் பாஸ்போட் வைத்திருந்தும் இங்கேயே இருந்துவிட்டவர்களுக்கு விசேட பிரகடனம் என்று தனி வழி உண்டு. தாத்தாவின் பாஸ்போட்டில் அப்பாவின் பெயரும் குழந்தையாகச் சேர்க்கப்பட்டிருந்ததா என்று பாருங்கள். இருந்தால், அப்பா அந்த விசேட பிரகடனத்தைச் செய்திருக்கிறாரா என்று கேட்டு, அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

'இந்தியத் தமிழர்' என்பது சான்றிதழில் இனம் எழுதும் கூட்டில் இருக்கிறது. அது பிரஜாவுரிமையைக் குறிப்பதல்ல. இதைக் காட்டி மலையகத்துப் பிள்ளைகளிடம் காசு பறிப்பதைப் பார்க்க நெஞ்சு கொதிக்கிறது. அதிகாரி யாராவது குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டால் அப்பாவின் அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி, தாத்தா பாட்டியின் தோட்டப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம் ஆகியவற்றைக் கொடுங்கள். குடும்பம் இந்த மலையில் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குத் தோட்டத் தொழிலாளர் பெயரேடான செக்ரோலைப் போன்ற சாட்சி வேறில்லை.

உங்கள் உண்மையான சிக்கல் பிறந்த ஆண்டு. தரகர் இதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் அடையாள அட்டை எண்ணுக்குள்ளேயே வயது இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். இப்போதைய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுதாகவே வரும். ஆகவே 95 என்று தொடங்கும் எண்ணையும் 1996 என்ற பிறப்புச் சான்றிதழையும் ஒன்றாக நீட்டினால் அதிகாரியின் கண்ணில் உடனே படும்.

இதைச் சத்தியக் கடதாசியால் சரிக்கட்ட முடியாது. அடையாள அட்டைதான் பிறப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். அடையாள அட்டைக்கு ஏற்பச் சான்றிதழை மாற்ற யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பொய்ப் பதிவு. சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதியுடன் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்டத் துரையிடமோ விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி, லுணுகலைப் பிரதேச செயலகத்தின் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். வயது ஏன் கூடிப்போனது என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். அன்று நீங்கள் சிறு பெண். புதிய அட்டை வந்தபின் சேமலாப நிதியிலும் வங்கியிலும் விவரத்தை மாற்றுங்கள். விட்டுவிட்டால் பின்னொரு நாள் உங்கள் காசை எடுக்கும்போது தடுக்கும். பழைய அட்டையின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

பெயரின் எழுத்து வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. பிறப்பைச் சிங்களத்தில் பதிந்து, பள்ளிக்கூடத்தில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரே பெயர் மூன்று விதமாகிவிடுகிறது. இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கொடுக்கலாம். ஆனால் அட்டையைத் திருத்தத்தான் போகிறீர்கள் அல்லவா? அதே விண்ணப்பத்தில் பெயரையும் சான்றிதழில் உள்ளபடி ஒன்றாக்கிவிடுங்கள். அலுவலகத்தில் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. விளங்காத பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்.

அம்மாவின் பாஸ்போட் விஷயம் வேறு. தொலைந்ததைப் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தண்டப் பணமும் அறவிடுவார்கள். தொலைந்ததாக அறிவித்த பாஸ்போட் பிறகு பெட்டிக்குள் கிடைத்தாலும் அதில் பயணம் போகக்கூடாது. இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அன்று ஏஜென்சிக்காரர் அம்மாவின் வயதையோ பெயரையோ மாற்றி எடுத்தாரா? நம் பெண்கள் பலருக்கு அப்படி நடந்திருக்கிறது. அப்படியிருந்தால், பாஸ்போட்டே எடுத்ததில்லை என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். விரலடையாளம் எடுக்கத் தொடங்கியது 2015இல்தான் என்றாலும் பழைய கோப்பும் படமும் திணைக்களத்தில் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அம்மா முதலில் ஒரு சட்டத்தரணியிடம் நடந்ததை முழுதாகச் சொல்லட்டும்.

உங்கள் பத்திரங்கள் சரியானதும் வேலை சுலபம். விண்ணப்பப் படிவம், மூலப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இவற்றின் பிரதிகள், அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கான பற்றுச்சீட்டு. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்திலும் கண்டி, மாத்தறை போன்ற பிராந்திய அலுவலகங்களிலும் கொடுக்கலாம். 2023 முதல் இணையத்தில் விண்ணப்பித்து, குறிப்பிட்ட சில பிரதேச செயலகங்களில் விரலடையாளம் வைக்கும் முறையும் வந்திருக்கிறது. உங்களுக்குக் கிட்டியது எது என்று லுணுகலைச் செயலகத்தில் கேளுங்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் செலவு மிஞ்சும். 2024 பெப்ரவரியில் சாதாரண சேவைக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாயாக இருந்தது. போகுமுன் கட்டணத்தை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தரகருக்குக் கொடுப்பதெல்லாம் வீண்.

அவரிடம் உள்ள சான்றிதழை ஒரு சாட்சியுடன் போய்க் கேளுங்கள். தரமறுத்தால் லுணுகலைப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்: உங்கள் பிறப்பு அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறு கட்டணத்துக்குப் புதிய பிரதி கிடைக்கும். 2014 அக்டோபர் 29இல் மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களோடு பத்திரங்களும் புதைந்தன. பதிவேட்டில் இருந்த பிறப்பை மண்ணால் மூட முடியவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் பதுளையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். தரகருக்கு ஏற்கெனவே காசு கொடுத்திருந்தால் அதற்கான துண்டு, தொலைபேசியில் வந்த செய்தி எதையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.