எங்கே? ஏன் அங்கே?

புவியியல் என்றதும் மலைகள், ஆறுகள், தலைநகரங்கள் ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் நம்மில் பலருக்கு நினைவு வருகிறது. ஆனால் நம் பாட்டிமார் ‘பூகோளம்’ என்று படித்த இப்பாடம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் கேள்வி கேட்டு வளர்த்த கலையாகும். அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர் எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர். பகல் மிக நீண்ட நாளின் நண்பகலில், தெற்கேயுள்ள சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நின்றது. அலெக்சாந்திரியாவிலோ நிழல் விழுந்தது. அந்நிழல் காட்டிய கோணம் வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. எனவே அவ்விரு நகரங்களின் இடைத்தூரத்தைப் போல 50 மடங்கு புவியின் சுற்றளவு என்று அவர் கணக்கிட்டார். ஒரு நிழலைக் கொண்டு உலகையே அளந்துவிட்டார்!

பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஜெர்மானியரான அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802-ல் தென் அமெரிக்காவின் சிம்போரசோ மலையில் ஏறி, உயரம் மாற மாறத் தாவரங்களும் மாறுவதைக் குறித்து வைத்தார். நாம் வரைபடத்தில் காணும் சமவெப்பக் கோடுகளை 1817-ல் வரைந்தவரும் அவரே. அவர் காலத்தவரான கார்ல் ரிட்டர், 1820 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தார். இவர்களால் ‘எங்கே?’ என்ற கேள்வியோடு ‘ஏன் அங்கே?’ என்ற கேள்வியும் சேர்ந்தது.

அடுத்து ஒரு பெரிய விவாதம் எழுந்தது. மனித வாழ்வை இயற்கைச் சூழலே முடிவு செய்கிறது என்றனர் ஒரு சாரார். அமெரிக்கப் பெண்மணியான எல்லன் செம்பிள் இக்கொள்கையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். 1891-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் பேராசிரியர் ராட்செலிடம் படிக்கச் சென்றபோது, பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவரை மாணவியாகச் சேர்க்கவில்லை. விரிவுரைகளைக் கேட்க மட்டுமே அனுமதி கிடைத்தது. அவரே 1921-ல் அமெரிக்கப் புவியியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அவருடைய விடாமுயற்சி போற்றத்தக்கது. ஆயினும் அவர் கொள்கையை ஏற்க இயலுமா? வெப்ப நாட்டு மக்கள் சோம்பலானவர்கள், தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று சொல்லி, ஐரோப்பியர் தம் ஆதிக்கத்தை நியாயப்படுத்த இத்தகைய கருத்துகள் துணைபோயின அல்லவா?

பிரெஞ்சுப் பேராசிரியர் வீடால் த லா பிளாஷ் (1845–1918) வேறு வழி காட்டினார். இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது. தேர்ந்தெடுப்பவன் மனிதனே என்பது அவர் கருத்து. நெதர்லாந்து இதற்கு நல்ல சான்று. அந்நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. 1932-ல் அம்மக்கள் 32 கி.மீ. நீள அணை கட்டி ஒரு விரிகுடாவை அடைத்தனர். பின்னர் அதன் ஒரு பகுதியை வயல்களாகவும் ஊர்களாகவும் மாற்றினர். ஆனால் அணையைப் பேணத் தவறினால் கடல் திரும்பி வரும். இயற்கையை மறந்தும் மனிதன் வாழ முடியாது.

தோழியரே, ஓர் ஊர் வறுமையில் வாடினால், ‘வறண்ட மண், அதன் விதி அவ்வளவுதான்’ என்று எழுதி முடித்துவிட வேண்டாம். அங்கே பெய்த மழை எங்கே போயிற்று, அதைத் தேக்க யார் முயன்றார், யார் தவறினார் என்றும் கேட்போம். பெயர்களைத் தேர்வுக்காகப் படிப்போம், ‘ஏன் அங்கே?’ என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்போம்!