ஆறிப்போன ஆட்டுக்கறியும் பித்தளைக் குரங்கும்

கேள்வி: ஒருவரைக் கண்டும் காணாமல் ஒதுக்குவதை ஆங்கிலத்தில் 'கோல்ட் ஷோல்டர்' என்கிறார்கள். வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியைப் பரிமாறும் பழக்கத்திலிருந்து வந்தது என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: ருசியான கதைதான். வேண்டியவர் வந்தால் சுடச்சுட வறுத்த கறி. 'இவர் எப்போது கிளம்புவார்' என்று யோசிக்க வைக்கிறவருக்கு நேற்று மிஞ்சிய ஆட்டுத் தோள். மனிதர் குறிப்பறிந்து மூட்டையைக் கட்டிவிடுவாராம். ஆனால் பழைய எழுத்துகளைப் புரட்டினால் சாப்பாட்டு மேசையே கண்ணில் படவில்லை.

இந்தச் சொல்லை அச்சில் ஏற்றிப் பரப்பியவர் ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1816-ல் வெளியான அவருடைய 'தி ஆன்டிக்குவரி' நாவலில் எல்ஸ்பெத் என்று ஒரு மீனவக் கிழவி வருகிறாள். தான் முன்பு ஊழியம் பார்த்த பெரிய வீட்டுச் சீமாட்டிக்கு ஓர் இளம்பெண்ணைப் பிடிக்காமல் போன பழங்கதையைச் சொல்கிறாள். ஆரம்பத்தில் அந்த வெறுப்பு குளிர்ந்த தோளைக் காட்டுவதோடு நின்றதாம். கிழவி பேசுவது ஸ்காட்லாந்து வழக்கு என்பதால் அவள் வாயில் அது 'கால்ட் ஷூதர்'.

கவனியுங்கள், சீமாட்டி தோளைக் காட்டுகிறாள். தட்டில் வைத்து நீட்டவில்லை. எதிரே வருகிறவரைப் பார்த்ததும் முகத்தையும் தோளையும் ஒருசேரத் திருப்பிக்கொள்கிறோமே, அந்தத் தோள்தான் இது. பைபிளின் பழைய ஏற்பாட்டிலும் நெகேமியா புத்தகத்தில், சொல்பேச்சுக் கேட்காத ஜனங்கள் தோளை விலக்கிக்கொண்டதாக வருகிறது. ஆட்டுக்கறி பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சங்கதி. ஆறிய ஆட்டுத் தோள் ஏழை வீட்டுச் சாப்பாடு. இரண்டு தோளுக்கும் ஒரே சொல் என்பதால் சிலேடை பேசுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். சிலேடை நாளாக நாளாக வரலாறாகிவிட்டது.

கேள்வி: கல்யாணம் நெருங்கும்போது மாப்பிள்ளைக்கு 'கோல்ட் ஃபீட்' வந்துவிட்டது என்கிறார்களே, பயத்துக்கும் பாதத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: பயந்தால் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கையும் காலும் சில்லிடுகின்றன. இதோடு பதிலை முடித்திருக்கலாம், இடையில் ஒரு சீட்டாட்டக்காரர் குறுக்கிடாமல் இருந்தால். ஃபிரிட்ஸ் ராய்ட்டர் என்ற ஜெர்மானியர் 1860-களில் எழுதிய நாவலில் ஒருவர் 'கால் குளிர்கிறது' என்று சாக்குச் சொல்லி ஆட்டத்திலிருந்து நழுவுகிறார். இன்றைய பொருளில் இது அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனின் 'மேகி' நாவலில், 1896-ம் வருடப் பதிப்பில் இருக்கிறது. என் ஓட்டு சீட்டாட்ட மேசைக்குத்தான். பயந்தவனுக்குக் கால் மட்டுமா குளிர்கிறது? கையும்தான். எழுந்து போவதற்குத்தான் கால் வேண்டும்.

கேள்வி: கடுங்குளிரை 'பித்தளைக் குரங்கே தாங்காத குளிர்' என்கிறார்கள். கப்பலில் பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கும் பித்தளைத் தட்டுக்கு 'மங்கி' என்று பெயர், குளிரில் தட்டு சுருங்கிக் குண்டுகள் உருண்டோடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சரிதானா?

பதில்: முழுச் சொலவடையில் குளிரில் குரங்கின் எந்த உறுப்பு உதிரும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அதைக் கௌரவமாக்கத்தான் இந்தப் பீரங்கிக் கதை கட்டப்பட்டது என்பது என் சந்தேகம்.

முதலில், போர்க்கப்பல்களில் குண்டுகளை வைத்தது துளை போட்ட மரப்பலகைகளில். ஒவ்வொரு குண்டும் அதனதன் குழியில் உட்கார்ந்திருக்கும். அலையில் ஆடும் கப்பலின் தளத்தில் இரும்புக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கினால் குளிர்காலம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். முதல் அலையிலேயே மாலுமிகளின் கால்விரல்கள் நசுங்கும்.

அடுத்து, கணக்கு. ஒரு மீட்டர் நீளப் பித்தளைத் தகடு, வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் இறங்கினால், ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளத்துக்கு வரிசையாக வைத்த இரும்புக் குண்டுகளும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே சுருங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதற்குப் போய் எந்தக் குண்டு உருளும்?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாட்சி ஹெர்மன் மெல்வில். 'மோபி டிக்' எழுதுவதற்கு முன் அவர் எழுதிய 'ஓமூ' நாவல் 1847-ல் வந்தது. கதை நடப்பது தென்கடல் தீவுகளில். அங்கே பித்தளைக் குரங்கின் மூக்கே உருகிவிடும் என்று ஒருவன் புலம்புவது வெயில் தாங்காமல்! ஆக, குளிருக்கு மட்டும் நேர்ந்துவிட்ட குரங்கு அல்ல இது.

கேள்வி: 'கோல்ட் வார்' என்று முதலில் சொன்னது யார்?

பதில்: இன்றைய பொருளுக்கு வித்திட்டவர் ஜார்ஜ் ஆர்வெல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம், 1945 அக்டோபர் 19-ம் தேதி லண்டனின் 'டிரிபியூன்' இதழில் அணுகுண்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசை யாரும் வெல்ல முடியாது. அது அண்டை நாடுகளோடு நேரடியாக மோதாமலே நிரந்தரமாகப் பகை பாராட்டும் என்பது அவர் கணிப்பு. 1947 ஏப்ரலில் அரசியல் ஆலோசகர் பெர்னார்ட் பாரூக் அமெரிக்காவின் தென் கரோலினா சட்டமன்றத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதும் அது அரசியல் மேடை ஏறியது. உரையை எழுதிக் கொடுத்தவர் ஹெர்பர்ட் பேயார்ட் ஸ்வோப் என்ற பத்திரிகையாளர். அதே வருடம் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இதையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

பதினான்காம் நூற்றாண்டிலேயே டான் ஹுவான் மானுவேல் என்ற ஸ்பானியப் பிரபு இதைச் சொல்லிவிட்டார் என்று சில புத்தகங்களில் படிப்பீர்கள். அவர் எழுதியது 'வெதுவெதுப்பான போர்'. பிற்காலத்தில் அச்சேற்றியவர்கள் அதைக் குளிராக்கிவிட்டார்கள்.

குளிர் என்று ஆன பிறகு இளக்கமும் வரவேண்டுமே. ஸ்டாலின் இறந்த மறுவருடம், 1954-ல், சோவியத் எழுத்தாளர் இலியா எரென்பர்க் பனி உருகுவதைத் தலைப்பாக வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். குருஷ்சேவ் காலத்துத் தளர்வுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் நாம் 'பனிப்போர்' என்கிறோம். இலங்கையில் 'கெடுபிடி யுத்தம்' என்பார்கள். உறுமலும் மிரட்டலும் காதில் விழுவதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: 'கோல்ட்' என்றால் திட்டு, 'கூல்' என்றால் பாராட்டு. இரண்டும் குளிர்தானே?

பதில்: ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'சில்' இன்னொரு உடன்பிறப்பு. லத்தீன் வழியில் உறைவதைக் குறிக்கும் ஜெலட்டின், ஜெல்லி, இத்தாலியரின் ஜெலாட்டோ எல்லாம் பங்காளிகள். 'கூல்' நல்ல பெயர் வாங்கியதில் ஜாஸ் இசைக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1925-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் குழுவுக்கு 'ஹாட் ஃபைவ்' என்று பெயர் வைத்தார். அன்று சூடுதான் பெருமை. பிறகு லெஸ்டர் யங் போன்றவர்கள் அலட்டிக்கொள்ளாமல், மென்மையாக சாக்ஸபோன் வாசித்து ரசனையை மாற்றினார்கள். மைல்ஸ் டேவிஸ் 1949, 1950-ல் பதிவு செய்தவை 1957-ல் 'பர்த் ஆஃப் தி கூல்' என்ற இசைத்தட்டாக வந்தன. சில்லி சாஸின் 'சில்லி' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து வந்த மிளகாய்.