நெற்களத் தூசியும் நாசி ஒவ்வாமையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் தை பிறந்துவிட்டால் சம்பா நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் மலையெனக் குவியும். அதனைத் தூற்றி, 40 கிலோ மூட்டைகளாகப் பிடித்து, தலைமேல் சுமந்து அடுக்குவோரின் மூக்கும் கண்ணும் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 'நெல்லோடு பழகினால் தும்மல் வரத்தானே செய்யும்' என்று அவர்களும் வாளாவிருந்துவிடுகின்றனர். அது விதியன்று, காரணமும் காப்பும் உடைய நோயே என்பதை இங்குக் காண்போம்.

நெல்லைத் தூற்றுங்கால் உமியின் சுணையும் பதரும் மண்துகளும் பறக்கின்றன. ஈரநெல்லில் வளர்ந்த பூஞ்சையின் வித்துகளும், சேமித்த தானியத்தில் வாழும் நுண்பூச்சிகளின் கழிவும் அவற்றோடு கலக்கின்றன. சுணை எவர் மூக்கையும் உறுத்தும். ஒவ்வாமையோ சிலர்க்கே உரியது. அவர்தம் உடல் அப்பொருள்களைப் பகையெனக் கருதி எதிர்ப்பொருளை ஆக்கி வைக்கிறது. அத்தூசி மீண்டும் புகும்போது நாசிச் சவ்வில் 'ஹிஸ்டமின்' சுரக்கிறது. அடுக்குத் தும்மல், நீரொழுக்கு, மூக்கடைப்பு, கண்ணரிப்பு ஆகியவை அதன் விளைவுகளாம்.

ரோஜா மலரும் பருவத்தில் மட்டும் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீக்கு மூக்கொழுகுவதை ஆராய்ந்து, மருத்துவ மேதை அர்ராஸீ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே தனி நூல் எழுதினார். தானியம் சலிப்போர் தூசியால் உறும் துன்பத்தை இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். 'எப்போது, எங்கே வருகிறது?' என்று நோக்குவதே இவ்விருவரும் காட்டிய நெறி.

நாமும் அவ்வாறே நோக்கலாம். சளிக்காய்ச்சல் உடல்வலியோடு வந்து பெரும்பாலும் பத்து நாள்களுக்குள் நீங்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது, அரிப்பு மிகும், களத்தில் நுழைந்ததும் கூடி, விடுமுறையில் தணியும். இரு வாரக் குறிப்பு எழுதி மருத்துவரிடம் காட்டினால் நோய் எளிதில் புலப்படும்.

இனி, காக்கும் வழிகள். தூசி எழாது தடுப்பதே தலையாயது. தூற்றும் இயந்திரத்தின் காற்றுப் போக்கிற்கு எதிர்ப்புறம் நிற்க வேண்டும். ஆலைகளில் தூசியை உறிஞ்சி அகற்றும் அமைப்பு வேண்டும். தூசியை அகற்றும் கடமையை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தன் 14ஆம் பிரிவில் விதித்தது. தோளில் கிடக்கும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தில் படிந்து பொருந்தும் தூசிக்கவசமே காக்கும். பணி முடிந்ததும் உடை மாற்றி, காய்ச்சி ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் நலம். மூக்கிற்கு நீர் செலுத்திச் சிந்துவது ஒளுச் செய்வோர்க்குப் பழகிய செயலன்றோ!

மருந்திலும் விழிப்பு வேண்டும். பழைய ஒவ்வாமை மாத்திரைகள் உறக்கம் தரும்; இயந்திரத்தருகே அது பேரிடர். அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் இட்டால் அடைப்பே பெருகும். மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்குத்தெளிப்பு முழுப்பயன் தரச் சில நாள்கள் ஆகும். இடைவிடாது பயன்படுத்த வேண்டும். மூச்சிரைப்போ நெஞ்சிறுக்கமோ தோன்றினால் ஆஸ்துமாவாக இருக்கலாம், காலம் தாழ்த்தலாகாது.

மூட்டைக் கணக்கில் கூலி பெறுவோர் ஒருநாள் நின்றால் அன்றைய வருவாய் இல்லை. எனவே நோயை மறைத்து உழைக்கின்றனர். நம் இலையில் விழும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் அவர்தம் மூச்சு கலந்துள்ளது. தூசிக்கவசமும் கழுவ நீரும் அவர்க்கு நாம் செய்யும் தருமமல்ல, அவர்தம் உரிமையாம்.