பார்வையற்றோரின் ஆடியோ பிளேயரில் பைல்களை அடுக்குவது எப்படி?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பார்வை இல்லை. மாணவர்கள் வாசித்துப் பதிவு செய்த நாவல் ஒன்றைத் தன் பிளேயரில் ஏற்றித் தரச் சொன்னார். மொத்தம் 38 எம்பி3 பைல்கள். ஐந்தே நிமிடத்தில் காப்பி செய்து கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. "தம்பி, ஒரு நாவல்தானே கேட்டேன்? 38 புத்தகம் இருக்குன்னு சொல்லுதே!"

தவறு என்னுடையது. நாம் திரையைப் பார்த்துத் தேடிக் கொள்வோம். அவருக்கோ நாம் அடுக்கி வைக்கும் வரிசைதான் வழி.

அவரிடம் இருப்பது விக்டர் ரீடர் ஸ்ட்ரீம். கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனம் 2007ல் இதை வெளியிட்டது. மூன்றாவது தலைமுறை 2023ல் வந்தது. இதற்குத் திரை தேவையில்லை. 1ஆம் எண் கீ புத்தக அலமாரிகளை மாற்றும். 4, 6 கீகள் அலமாரியில் உள்ள புத்தகங்களுக்கு முன்னும் பின்னும் செல்லும்.

இனி, பைல்களை ஏற்றும் முறையைப் பார்ப்போம்.

1. புதிய எஸ்டி கார்டை முதலில் பிளேயரில் செருகுங்கள். டாலர் குறி, வி, ஆர் என்று தொடங்கும் ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிக் கொள்ளும். ஒவ்வொன்றும் ஓர் அலமாரி. இவற்றின் பெயரை மாற்றாதீர்கள்.

2. கார்டை எடுத்து, கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்திடுங்கள். காப்பி ஆகவில்லையா? கார்டின் ஓரத்தில் உள்ள சிறிய பூட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. சாதாரண எம்பி3 புத்தகங்கள் 'அதர் புக்ஸ்' ஃபோல்டருக்குள் செல்ல வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திற்கும் தனி ஃபோல்டர் அவசியம். நான் செய்யத் தவறியது இதைத்தான். ஃபோல்டர் இல்லாமல் போட்டால் ஒவ்வொரு பைலும் ஒரு புத்தகமாகிவிடும்.

4. பைல்களுக்கு 01, 02 என்று எண் கொடுங்கள். 1, 2 என்று கொடுத்தால் சில பிளேயர்கள் 1க்குப் பின் 10ஐ இசைக்கும். விண்டோஸ் சரியான வரிசையில் காட்டுவதால் இந்தத் தவறு நம் கண்ணில் படாது.

5. டெய்சி புத்தகம் என்றால் அதன் ஃபோல்டரை முழுதாக, பேசும் புத்தகங்களுக்கான 'டிடிபி' ஃபோல்டரில் போடுங்கள். உள்ளே உள்ள எந்த பைலையும் அழிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. அவை ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைப்பவை.

6. பாடல்களை 'மியூசிக்' ஃபோல்டரில் போடுங்கள். நாவலை இங்கே போடாதீர்கள். 'அதர் புக்ஸ்' ஒவ்வொரு புத்தகத்திலும் விட்ட இடத்தைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். 'மியூசிக்' அலமாரி முழுவதும் ஒரே புத்தகமாகவே கருதப்படும்.

7. பிளேயரில் ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால், ஃபோல்டர் பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். தமிழ்ப் பெயரை அது வாசிக்காமல் போகலாம்.

முடிந்ததும் கார்டை உடனே பிடுங்காமல், 'எஜெக்ட்' கொடுத்த பின்பே எடுத்திடுங்கள். பிளேயரைக் கொடுப்பதற்கு முன் கண்ணை மூடிக் கொண்டு ஒரு புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் வேலை சரி.

இப்போது ஆசிரியர் என்னை எதிர்பார்ப்பதில்லை. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைக் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுத்தேன். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, பெயர் மாற்ற எஃப்2. இந்த மூன்றைக் கொண்டு தன் அலமாரியைத் தானே அடுக்குகிறார். மவுஸைத் தொடுவதே இல்லை!