எருக்கஞ்செடியில் ஒரு விலங்கியல் பாடம்

பூச்சிகளின் உருமாற்றத்தை விளக்க நம் பாட நூல்களில் ஒரு வட்டப்படம் போட்டிருப்பார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகள், இடையிடையே அம்புக்குறிகள். தேர்வில் இதை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் உறுதி. ஆனால் அந்தப் படத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. புழு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? செடி எங்கே? பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் வண்ணத்துப்பூச்சி வளர்க்க முற்படுவோர்க்கு முதல் நாளே எழும் கேள்வி இதுதான்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1647-ஆம் ஆண்டு பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார் 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். கல்லூரிப் படிப்பு ஏதும் இல்லாதவர். புழுக்கள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று பலர் நம்பிய அந்நாளில், ஒவ்வொரு பூச்சியின் நிலைகளையும் அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்து 1679-இல் நூலாக வெளியிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் வரைந்த செடியை நம் வட்டப்படம் எப்படியோ தொலைத்துவிட்டது.

திருமங்கலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற செடி எருக்கு. குண்டாற்றுப் பக்கமும் ரயில் பாதையோரமும் கண்மாய்க் கரையிலும் யாரும் நீரூற்றாமல் வளர்வது. "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்று வைகிற நாமே, பிள்ளையார் சதுர்த்தியன்று அதன் பூவை மாலையாகக் கட்டிச் சாத்துகிறோம். அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலையளவில் வெள்ளை முட்டை ஒன்று ஒட்டியிருக்கக்கூடும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் முட்டை அது. மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டையே தின்கிறது. பிறகு இலைக்குப் போகிறது. வளர்ந்த புழுவின் உடலில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டைகள், மூன்று இணைக் கரிய கொம்புகள்.

இதைக் கண்டதும் வீட்டுப் பெரியவர்கள், "கம்பளிப்பூச்சி, அரிக்கும், தூரப் போடு" என்பார்கள். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் உடம்பு தடிக்கும். ஆனால் அது அந்துப்பூச்சியின் புழு. வெந்தய வரியனின் புழுவுக்கு அரிக்கும் மயிர் இல்லை. எருக்கம்பாலிலுள்ள நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதே அதற்குப் பாதுகாப்பு. அந்த நச்சு வண்ணத்துப்பூச்சியான பின்னும் உடலில் தங்குவதால் பறவைகள் இதை ஒதுக்குகின்றன. இதைக் கண்டு வேறோர் இனத்தின் பெண் பூச்சி, நச்சில்லாமலே, இதே ஆரஞ்சு உடையை அணிந்து திரிகிறது என்றால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்.

சென்ற கார்த்திகையில் எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வருடன் எட்டுப் புழுக்களை வளர்த்தோம். வாயகன்ற ஹார்லிக்ஸ் பாட்டில், மேலே கட்டத் துணி, அடியில் காகிதம், ஏறித் தொங்க ஒரு குச்சி, இவ்வளவே கருவி. எறும்பு வராமலிருக்கப் பாட்டிலைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைக்க வேண்டும். நாள்தோறும் புது இலை போட்டுப் புழுக்கையை அகற்ற வேண்டும். எருக்கிலையைப் பெரியவர்களே பறிப்பது நல்லது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

இரண்டாம் நாளே ஒரு சிறுமி, ஒரே இலையைத் தின்று சலித்திருக்குமே என்று கறிவேப்பிலையைப் போட்டாள். புழு அதைத் தொடவில்லை. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளரும் எலுமிச்சை அழகியின் புழுவுக்கு எருக்கை வைத்தாலும் அதே கதைதான். கடைக் கறிவேப்பிலை என்றால் மருந்து தெளித்ததாயிருக்கலாம், புழு செத்துப்போகும். "அப்போ எருக்கு இல்லேன்னா?" என்று அவள் கேட்டாள். வட்டப்படத்தில் இல்லாத கேள்வி.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தின்பதை நிறுத்தித் தலைகீழாகத் தொங்கித் தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிறது. இளமை ஹார்மோன் குறைவதால் வரும் மாற்றம் இது. உள்ளே பழைய தசைகள் பல கரைய, புழுப் பருவத்திலேயே ஒதுங்கியிருந்த சிறு செல் கூட்டங்கள் இறகாகவும் காலாகவும் வளர்கின்றன. வெளியேயோ அசைவே இல்லை. "செத்துப்போச்சாண்ணே?" என்ற கேள்விக்கு ஒரு வாரத்துக்கு மேலும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டில் ஐந்தே வண்ணத்துப்பூச்சியாயின. ஒன்று புழுவாகவே இறந்தது. மற்ற இரண்டிலிருந்து வந்தவை ஈக்கள்! புழு செடியில் இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ அதன்மேல் முட்டையிட்டிருக்கிறது. ஈயை அடிக்கக் கை ஓங்கிய சிறுவனிடம், இந்த ஈக்கள் இல்லாவிட்டால் எருக்கில் இலையே மிஞ்சாது என்றேன். அவன் ஏற்கவில்லை. கட்டாயப்படுத்தி ஏற்கச் செய்யும் செய்தியும் அன்று.

வெளிவந்த பூச்சியின் இறகுகள் முதலில் கசங்கிய ஈரத்துணிபோல இருக்கும். அதிலிருந்து சொட்டும் செந்நிற நீரைப் பிள்ளைகள் இரத்தம் என்று அஞ்சுவர். அது கூட்டுப்புழுப் பருவத்தில் சேர்ந்த கழிவேயாகும். இறகு விரிந்து உலர ஓரிரு மணி நேரம் ஆகும். அதுவரை தொடக்கூடாது. பின்னிறகின் நடுவே நான்கு கரும்புள்ளி இருந்தால் ஆண், மூன்று என்றால் பெண்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸ்ரீரங்கத்தில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தேன் தரும் பூச்செடிகளோடு புழுக்கள் தின்னும் செடிகளையும் நட்டிருக்கிறார்கள். 2019-இல் தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. இவை மகிழ்ச்சிக்குரியன. நம் ஊரிலோ மனைக்காக நிலத்தைச் சமன்செய்யும்போது முதலில் போவது எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும்தான். களை என்பதால் யாரும் கணக்கு வைப்பதில்லை.

வளர்த்த ஐந்தில் மூன்று பெண். முட்டை எடுத்த அதே செடியருகே காலை வெயிலில் விட்டோம். அந்தச் செடியில் இலைகளை மட்டும் கிள்ளியிருந்தோம், குருத்தைத் தொடவில்லை.