மரியாளுக்கும் மீட்பர் தேவைப்பட்டாரா?



மார்கழி 8ம் திகதி அமல உற்பவத் திருநாள். அன்று திருப்பலி கண்டு, செபமாலை சொல்லி வீடு திரும்பும் நம்மை யாராவது வழியில் மறித்து, "அமல உற்பவம் என்றால் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "தேவதாய் கன்னியாயிருந்தபடியே இயேசுவைக் கருத்தரித்தாளே, அதுதான்" என்று சொல்பவர்கள் நம்மில் அநேகர். அதுவும் விசுவாச சத்தியமே. ஆயினும் கேட்ட கேள்விக்கு அது பதில் அன்று.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அன்று. கோணேசர் ஆலய மணியும், பள்ளிவாசல் பாங்கும், நமது மரியன்னை பேராலய மணியும் ஒரே நகரில் ஒலிக்கின்றன. சைவ அயலவர், "உங்கள் அம்மன்" என்று அன்போடு சொல்கிறார். வேதாகமத்தோடு வீடு தேடி வரும் பிற சபைச் சகோதரரோ, "மனிதர் எல்லாரும் பாவத்துக்கு உட்பட்டவர் என்று பவுலடியார் எழுதியிருக்க (உரோ. 3:23), மரியாளை மாத்திரம் எப்படி விலக்குகிறீர்கள்? அவளே கடவுளைத் தன் மீட்பர் என்று போற்றவில்லையா? (லூக். 1:47)" என்று கேட்கிறார். ஒருவர் அன்னையைத் தெய்வமாக எண்ணுகிறார். மற்றவர், நாம் அவளைத் தெய்வமாக்கிவிட்டோம் என்று குற்றஞ்சாட்டுகிறார். இருவருக்கும் உரிய பதில் ஒன்றே. அதனை இவ்வாரம் படிப்போம்.

சொல்லின் பொருள்

மலம் என்றால் மாசு. அமலம் என்றால் மாசற்றது. உற்பவம் என்றால் கருவில் உண்டாதல். இங்கே பேசப்படுவது இயேசு மரியாளின் உதரத்தில் உற்பவித்ததைப் பற்றி அன்று. மரியாள் தன் தாயின் உதரத்தில் உற்பவித்ததைப் பற்றியே. அத்தாயை அன்னம்மாள் என்றும், தந்தையைச் சுவக்கீன் என்றும் திருச்சபையின் பாரம்பரியம் அழைக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் போலவே மரியாளும் தாய் தந்தையருக்குப் பிறந்த பிள்ளைதான்.

திருவழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பங்குனி 25ல் மங்கள வார்த்தைத் திருநாள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் மார்கழி 25, இயேசு பிறப்பு. அதுபோல மார்கழி 8லிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள். புரட்டாதி 8 வரும். வேளாங்கண்ணித் திருவிழா என்று நாமெல்லாரும் அறிந்த அந்த நாளே தேவதாயின் பிறந்த நாள்.

'அமலம்' என்னும் சொல்லிலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றியுள்ள ஆணவம், கன்மம், மாயை என்பவற்றை மலம் என்கிறது. இறைவன் இயல்பாகவே மலமற்றவன். ஆதலால் அவனை அமலன் என்கிறது. நமது அன்னையை அமலி என்று நாம் அழைப்பது அந்தப் பொருளில் அன்று. கடவுள் தம் இயல்பினாலே தூயவர். மரியாள் கடவுள் கொடுத்த அருளினாலே தூயவள். அவளிடம் உள்ள தூய்மை முழுவதும் பெற்றுக்கொண்ட தூய்மை. இந்த வேறுபாட்டைச் சைவ அயலவருக்கு எடுத்துச் சொன்னால், அவர் தம் சமயச் சொல்லைக் கொண்டே நம்மை விளங்கிக்கொள்வார்.

எந்த மாசு?

அன்னையை அணுகாத மாசு சென்மப் பாவம். "பிறக்காத குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று பலர் கேட்பது நியாயமே. சென்மப் பாவம் நாம் செய்த குற்றம் அன்று; நாம் பிறந்த நிலை. ஆதிப் பெற்றோர் இழந்த இறை உறவு அவர்கள் வழிவந்த நமக்குக் கிடைக்கவில்லை. அந்த இழப்பையே திருச்சபை அப்பெயரால் குறிக்கிறது.

நமது மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். 2006ம் ஆண்டு சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் சம்பூரைக் கண்டதில்லை. காணியை இழக்கத்தக்கதாக எதையும் செய்ததுமில்லை. எனினும் பிறக்கும்போதே இடம்பெயர்ந்தோராகப் பிறந்தார்கள். பெற்றோர் இழந்ததைப் பிள்ளைகளும் இழந்தவராகவே உலகத்துக்கு வந்தார்கள். எந்த உதாரணமும் முழுதும் பொருந்தாதுதான். ஆனாலும் குற்றமின்றி இழப்போடு பிறத்தல் என்றால் என்னவென்று இம்மண்ணில் உள்ளவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மரியாள் இந்த இழப்போடு உற்பவிக்கவில்லை. அவள் வாழ்வின் முதற் கணத்திலேயே கடவுளின் அருள் அவளிடம் இருந்தது. இதுவே அமல உற்பவம்.

வேதபாரகர்களின் தயக்கம்

இச்சத்தியத்தைத் திருச்சபை ஒரே நாளில் வகுத்துவிடவில்லை. 12ம் நூற்றாண்டிலே, தேவதாய்ப் பக்தியில் இணையற்றவரான புனித பேர்நாட்டே இத்திருநாளைக் கொண்டாடுவதற்கு எதிராக லியோன் நகரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாசும் தயங்கினார். மரியாள் ஒருபோதும் பாவ மாசு இல்லாதவளாயின், கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்பது என்னாவது என்பதே அவரது தடை. இன்று பிற சபைச் சகோதரர் கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ இதுவே.

இதற்கு விடை கண்டவர் 1308ல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி முத். டன்ஸ் ஸ்கோத்தஸ். பாவத்தில் விழுந்தவரைத் தூக்கிவிடுவது மீட்பு. விழாமலே காப்பதும் மீட்பு. சொல்லப்போனால் அதுவே நிறைவான மீட்பு என்றார் அவர்.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இது விளங்காததா? ஒரு கப்பல் பாறையில் மோதிவிடுகிறது. பைலட் சென்று அதை மீட்டுக் கரைசேர்க்கிறார். இன்னொரு கப்பலில் அவர் வெளிக் கடலிலேயே ஏறி, பாறையை அணுகாமல் ஓட்டிவருகிறார். இரண்டாவது கப்பல் தனக்குப் பைலட் தேவைப்படவில்லை என்று சொல்லக்கூடுமா? அதுவே அவருக்கு அதிகம் கடன்பட்டது. தேவதாயும் அப்படியே. அவள் மீட்பர் தேவைப்படாதவள் அல்லள், மீட்கப்பட்டவர்களில் முதன்மையானவள். ஆகவே கடவுளைத் தன் மீட்பர் என்று அவள் போற்றியது நமது விசுவாசத்துக்குத் தடை அன்று, அதற்குச் சான்று.

கிறிஸ்து மரிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அவருடைய மீட்பின் பலன் எப்படிக் கிடைத்தது என்றும் கேட்கலாம். கடவுளுக்கு முன்பின் என்ற காலக் கட்டுப்பாடு இல்லை. ஆபிரகாமும் தாவீதும் இரட்சணியம் அடைந்ததும் வரவிருந்த அதே கிறிஸ்துவினாலேதான்.

திருச்சபையின் தீர்ப்பு

1476ல் பாப்பரசர் 4ம் சிக்ஸ்துஸ் இத்திருநாளுக்கு அங்கீகாரம் அளித்தார். 1546ல் திரெந்துப் பொதுச்சங்கம் சென்மப் பாவத்தைப் பற்றிய தன் தீர்மானத்தில் கன்னி மரியாளை உள்ளடக்க எண்ணவில்லை என்று குறிப்பிட்டது. ஈற்றில் 1854ம் ஆண்டு மார்கழி 8ம் திகதி பாப்பரசர் 9ம் பத்திநாதர், உலக ஆயர்களின் கருத்தைக் கேட்டறிந்த பின்னர், இதனை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே இந்த வரம் மரியாளுக்குக் கிடைத்தது என்பதை அப்பிரகடனமே தெளிவாகச் சொல்கிறது. நான்கு ஆண்டுகளின் பின் லூர்து நகரில், புனித பேர்நதெத்துக்குக் காட்சியளித்த அன்னை தன்னை அமல உற்பவம் என்றே அறிமுகப்படுத்தினாள்.

பிரகடனத்துக்கு முன்னரே இந்த விசுவாசம் நமது கரையை அடைந்துவிட்டது. அமலமரித் தியாகிகள் சபை 1826ல் பாப்பரசரின் அங்கீகாரத்தோடு அப்பெயரைப் பெற்றது. அச்சபையின் முதற் குருக்கள் 1847ல் இலங்கைக்கு வந்தார்கள். 1893ல் திருகோணமலை தனி மறைமாவட்டமாகும் வரை நாமும் அவர்கள் உழைத்த யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களே.

வேத வாக்கியங்கள்

'சென்மப் பாவமில்லாதவள்' என்ற சொற்கள் வேதாகமத்தில் இல்லை. ஆனால் கபிரியேல் தூதர் மரியாளைப் பெயர்சொல்லி அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள் (லூக். 1:28). பெயருக்குப் பதிலாக 'கெகாரிட்டோமெனே' என்னும் கிரேக்கச் சொல் வருகிறது. ஏற்கெனவே அருளால் நிறைக்கப்பட்டு, அந்நிலையிலேயே இருப்பவள் என்பது அதன் கருத்து. நிறைத்தவர் கடவுள், நிறைக்கப்பட்டவள் மரியாள். நமது முன்னோர் மங்கள வார்த்தைச் செபத்தில் 'பிரியதத்தம்' என்று சொன்னதும் இந்த அருளையே.

பவுலடியார் உரோமருக்கு எழுதியதோ, யூதரும் புறவினத்தாரும் பேதமின்றிக் கிறிஸ்துவின் மீட்பு தேவைப்படுபவர்கள் என்பதை நிறுவுவதற்காக. மரியாளுக்கும் அந்த மீட்பு தேவைப்பட்டது என்றே நாமும் சொல்கிறோம்.

நமது நாட்டில் எழுந்த விவாதம்

1990ல் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்திரு திஸ்ஸ பாலசூரிய, மரியாளையும் மானிட விடுதலையையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். தாழ்ச்சியே உருவாக, வாய்பேசாதவளாக நாம் காட்டும் மரியாள் சுவிசேஷத்து மரியாள் அல்லள். வலியவரைக் கடவுள் கீழே இறக்குவதாகப் பாடிய துணிவுள்ள பெண்ணே அவள் என்று எழுதினார். அதில் நாம் கற்கவேண்டியது உண்டு. ஆனால் சென்மப் பாவம் பற்றிய போதனையையும் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். பிற சமயத்தார் பெருந்தொகையாக வாழும் ஆசியாவில், ஞானஸ்நானம் பெறாதவரெல்லாம் கடவுளுக்கு அந்நியர் என்று சொல்வதா என்பது அவரது கவலை. சென்மப் பாவம் இல்லையாயின் அமல உற்பவம் என்ற பேச்சுக்கே இடமில்லை; எல்லாரையும் மீட்கக் கிறிஸ்து வந்தார் என்பதும் ஆட்டம் காணும். இலங்கை ஆயர்கள் 1994ல் அந்நூலைக் குறித்து விசுவாசிகளை எச்சரித்தார்கள். 1997 தை மாதம் அவர் திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டார். ஓராண்டின் பின் 1998 தை மாதத்தில் ஒப்புரவு ஏற்பட்டது. 2013ல் அவர் திருச்சபையின் உறவிலேயே மரித்தார்.

அவரது கவலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கடவுள் மட்டும் அறிந்த வழியிலே கிறிஸ்துவின் மீட்பில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லாருக்கும் அளிக்கிறார் என்று 2ம் வத்திக்கான் சங்கம் கற்பிக்கிறது. சென்மப் பாவத்தை மறுக்காமலே நம் அயலவரின் இரட்சணியத்தை நம்பலாம்.

நமது முஸ்லிம் அயலவரின் குர்ஆனிலும் 19ம் அத்தியாயம் மர்யத்தின் பெயரைத் தாங்கியது. பிறக்கும் குழந்தைகளில் மர்யத்தையும் அவர் மகனையும் மாத்திரம் சைத்தான் தீண்டவில்லை என்ற ஹதீசும் உண்டு. இஸ்லாம் சென்மப் பாவத்தை ஏற்பதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றே என்று சொல்லலாகாது. எனினும் மரியன்னைமேல் மரியாதையுள்ள அயலவரிடம் அவளைப் பற்றிப் பேச நாம் கூச வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, அன்னையின் வணக்கம் ஆராதனையாக மாறாதிருக்கட்டும். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. நற்கருணை நாதர் இருக்கும் பேழையைத் திரும்பியும் பாராமல், நேரே மாதா சுரூபத்தின் முன் சென்று மெழுகுதிரி ஏற்றி வீடு திரும்பினால், அன்னை அதை விரும்புவாளா? 2025 கார்த்திகையில் வத்திக்கானின் விசுவாசப் போதனைக்கான பேராயம் வெளியிட்ட குறிப்பு, மரியாளை 'இணை மீட்பர்' என்று அழைப்பது பொருத்தமற்றது என்று சொல்லியிருப்பதும் இதே காரணத்துக்காகவே. மீட்பர் ஒருவரே.

இரண்டாவது, அன்னைக்கு உற்பவத்தில் கிடைத்த அந்தத் தேவ இட்டப்பிரசாதமே நமக்கு ஞானஸ்நானத்தில் கிடைக்கிறது. பாவச் சாய்வு நம்மில் எஞ்சியிருக்கும். ஆனால் இழந்த உறவு திரும்பக் கிடைக்கிறது. அப்படியிருக்க, கனடாவிலிருந்து மாமா வரவேண்டும், லண்டனிலிருந்து சித்தி வரவேண்டும் என்று பிள்ளையின் ஞானஸ்நானத்தை ஓராண்டு, ஈராண்டு தள்ளிப்போடுவது என்ன நியாயம்? பிறந்த முதற் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம். விருந்தைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பாவமில்லாதவள் என்பதால் அன்னை நம் துன்பத்துக்குத் தூரமானவள் என்று நினைக்காதீர்கள். காணாமற்போன மகனை மூன்று நாள் தேடியவள் அவள் (லூக். 2:41-50), பின்னர் அதே மகனின் சிலுவையடியில் நின்றவள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017ல் நமது நகரில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் வேதனை அவளுக்குப் புதிதன்று. பாவம் மனித இருதயத்தைக் கடினமாக்கும். பாவமில்லாத இருதயம் பிறர் துயரை முழுமையாக உணரும். ஆகவே அவள் தூய்மை அவளை நம்மிடமிருந்து பிரிக்கவில்லை. நமக்கு அண்மையில் கொண்டுவந்திருக்கிறது.

அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. "உங்கள் அம்மன்" என்று சொல்லும் சைவ அயலவருக்கு, அவர் மனம் நோகாமல், மரியாள் யார் என்று எப்படி விளக்குவீர்கள்?

2. நமது பங்கில் ஞானஸ்நானம் பெறாமல் காத்திருக்கும் குழந்தைகள் உளரா? அக்குடும்பங்களோடு பேச யார் முன்வருவீர்கள்?